பிள்ளைத்தாய்ச்சிக்கு முகம் கோணிக்கொண்டால்: முதல் மூன்று நாள்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மகள் போன் செய்தாள். "அம்மா, வாய் கொப்பளிச்சா தண்ணி ஒரு பக்கமா ஒழுகுது. இடது கண்ணு மூட மாட்டேங்குது." அவளுக்கு எட்டாவது மாதம் முடியப்போகும் நேரம். நான் 31 வருஷம் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக இருந்தவள். முதலில் சைக்கிள், பிறகு கப்சாய் மோட்டார். லயம் லயமாகப் போய் எத்தனையோ வயிற்றைத் தொட்டுப் பார்த்தவள். அப்படிப்பட்டவள் பெற்ற மகளுக்குச் சொன்ன பதில்: "பல்லு வீக்கமா இருக்கும்மா. திங்கக்கிழமை செக்கப் இருக்குல்ல, அப்பவே காட்டிக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செம்பனைத் தோட்டத்துச் சம்பந்தி வீட்டுக்குப் போய் அவள் முகத்தை நேரில் பார்த்தபோதுதான் உறைத்தது. முகவாதம் என்ற இந்த நோய்க்கு மருந்து ஆரம்பிக்க இருக்கும் அவகாசம் 72 மணி நேரம். அதில் ஒரு நாளுக்கும் மேலாக நானே விழுங்கிவிட்டிருந்தேன். போனில் முகம் தெரியாது. உங்களுக்கு இப்படி ஒரு அழைப்பு வந்தால் வீடியோவில் முகத்தைக் காட்டச் சொல்லுங்கள், அல்லது உடனே கிளம்பிப் போங்கள்.

அந்த வீட்டில் அதற்குள் மூன்று காரணங்கள் தயாராக இருந்தன. சம்பந்தியம்மா, ராத்திரி ஜன்னல் திறந்திருந்ததால் காற்று அடித்துவிட்டது என்றார். அடுத்த வீட்டு மலாய்க்கார அக்கா, அங்கின் அஹ்மார், அதாவது பக்கவாதம் என்றார். ஒரு தாத்தா, அந்தி நேரத்தில் முனியாண்டி கோவில் பக்கம் போனாளா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். தாத்தாவுக்குச் சந்தேகம் வந்ததில் தப்பில்லை. கண்ணை மூடச் சொன்னால் இமை பாதியில் நின்றுவிடும், கருவிழி மட்டும் மேலே உருண்டு போய் வெள்ளை விழி தெரியும். விளக்கு மங்கலான வீட்டில் அதைப் பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் கண்ணை மூடும்போது பெரும்பாலோருக்கும் கருவிழி மேலே போகத்தான் செய்கிறது. நமக்கு இமை மறைத்துவிடுகிறது, அவளுக்கு மறைக்கவில்லை, அவ்வளவுதான்.

முகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நரம்பு உண்டு. மூளையிலிருந்து வரும் ஏழாவது நரம்பு அது. காதுக்குப் பின்னால் எலும்புக்குள் இருக்கும் ஒரு குறுகலான குழாய் வழியாக வெளியே வருகிறது. உள்ளே நரம்பு வீங்கினால் எலும்பு இடம் கொடுக்காது. நரம்பு நசுங்கி அந்தப் பக்கத்து முகம் செத்ததுபோல் தொங்கும். 1821இல் இந்த முக நரம்பைப் பற்றி எழுதிய ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் சார்ல்ஸ் பெல்லின் பெயரால் இதை பெல்ஸ் பால்சி என்கிறார்கள். தமிழில் முகவாதம். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இது அதிகம் வரும். அமெரிக்காவில் 1975இல் வெளிவந்த ஒரு கணக்கு, ஒரு லட்சம் பிரசவத்துக்கு 45 பேர் என்கிறது. அதே வயதில் கர்ப்பமில்லாத பெண்களில் ஒரு லட்சத்துக்கு 17 பேர்தான். அதிலும் பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்திலோ பிரசவித்த கையோடோ வருகிறது. உடம்பில் நீர் கோத்துக்கொள்வது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

சரி, முகம் கோணியவள் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். முதலில் செய்ய வேண்டியது, புருவத்தைத் தூக்கச் சொல்வது. நெற்றியில் இரண்டு பக்கமும் சுருக்கம் விழுந்து, வாய் மட்டும் கோணியிருந்தால் கோளாறு மூளையில் இருக்க வாய்ப்பு அதிகம். நெற்றியின் தசைகளுக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருவதால் பக்கவாதத்தில் நெற்றி தப்பித்துக்கொள்ளும். முகவாதத்தில் நெற்றியும் சேர்ந்து வழவழவென்று ஆகிவிடும். என் மகளின் இடது நெற்றி இஸ்திரி போட்ட துணி மாதிரி இருந்தது. அடுத்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் கண்ணை மூடச் சொல்லுங்கள். ஒரு கை தானாக இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? நடை தள்ளாடுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும், நெற்றி எப்படி இருந்தாலும் சரி, ஆம்புலன்ஸுக்கு 999இல் அடியுங்கள். நெற்றியைப் பார்ப்பது எவ்வளவு அவசரம் என்று தெரிந்துகொள்ளத்தான். நெற்றி வழவழப்பாக இருக்கிறதே என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. எதுவாக இருந்தாலும் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும்.

ரத்தக் கொதிப்பு பார்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கர்ப்பகால ரத்தக் கொதிப்புக்கும் முகவாதத்துக்கும் தொடர்பு இருப்பதை மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். 140க்கு 90 அல்லது அதற்கு மேல் காட்டினாலும், தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, மேல் வயிற்று வலி இருந்தாலும் முகத்தை விட அது பெரிய அவசரம்.

பிறகு காது. டார்ச் லைட்டை எடுத்து, கோணிய பக்கத்துக் காது மடல், காதுத் துளை, தலைமுடிக்குள், வாயின் மேலண்ணம் எல்லாம் நிதானமாகப் பாருங்கள். அரிசி அரிசியாக நீர்க்கொப்புளம் இருக்கிறதா? காதுக்குள் குத்தும் வலி இருக்கிறதா? இருந்தால் அது சாதாரண முகவாதம் இல்லை. சின்ன வயதில் வந்துபோன அம்மைக் (சிக்கன் பாக்ஸ்) கிருமி நரம்பில் ஒளிந்திருந்து அக்கியாகக் கிளம்பியிருக்கிறது. 1907இல் ராம்சே ஹண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் இதை விளக்கினார். இதற்குக் கிருமியை அடக்கும் மருந்தும் சேர்த்துத் தர வேண்டும், குணமாவதும் கொஞ்சம் சிரமம். காதில் சீழ் வடிந்தால் அது வேறு கதை, அதையும் சொல்லுங்கள்.

அம்மை என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன், தோட்டத்தில் இதில்தான் குழப்பம் அதிகம். கர்ப்பிணிக்கு அக்கி வந்தால் வயிற்றுப் பிள்ளைக்குப் பொதுவாக ஆபத்தில்லை, தாயின் எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்கும் போயிருக்கும். ஆனால் அம்மையே வராத, ஊசியும் போடாத கர்ப்பிணி அம்மை வார்த்த வீட்டுக்குப் போய் வந்தால் அது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. தாய்க்கு நுரையீரலைத் தாக்கும். முதல் 20 வாரத்துக்குள் வந்தால் நூற்றில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு ஊனம் உண்டாகலாம். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்னிருந்து இரண்டு நாள் பின்வரை தாய்க்கு அம்மை கண்டால் பிறக்கும் பிள்ளைக்குக் கடுமையாகும். வாசலில் வேப்பிலை கட்டுங்கள், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுங்கள், நானும் ஊற்றுவேன். ஆனால் போய் வந்த கர்ப்பிணி அன்றைக்கே கிளினிக்குக்குப் போன் செய்ய வேண்டும். பார்த்து பத்து நாளுக்குள் போட வேண்டிய எதிர்ப்புப் புரத ஊசி ஒன்று இருக்கிறது. கொப்புளம் கிளம்பிவிட்டால் 24 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்குவது நல்லது. கிளினிக்குக்கு நேராக நடந்து போய் மற்ற வயிற்றுக்காரிகளோடு பெஞ்சில் உட்காராதீர்கள். முதலில் போன்.

மகள் கதைக்கு வருகிறேன். காதில் ஒன்றும் இல்லை, ரத்தக் கொதிப்பு சரி. கர்ப்பப் பரிசோதனை விவரம் எழுதும் பிங்க் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஞாயிறு சாயங்காலம் போனோம். எங்கே என்று வேண்டாம். அங்கிருந்த இளம் டாக்டர் முகவாதம் என்று சரியாகவே கண்டுபிடித்தார். "கர்ப்பம் அல்லவா, மாத்திரை வேண்டாம், பிள்ளை பிறந்ததும் தானாகச் சரியாகும்" என்று அனுப்பப் பார்த்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியைப் புரிந்துகொள்ளத்தான் ராத்திரி முழுக்க படித்தேன்.

ஸ்காட்லாந்தில் 2004 முதல் 2006 வரை ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2007இல் முடிவை வெளியிட்டார்கள். முகம் கோணி 72 மணி நேரத்துக்குள் வந்த 551 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். சிலருக்கு பிரெட்னிசோலோன், அதாவது வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்ட் மாத்திரை. சிலருக்குக் கிருமியை அடக்கும் அசைக்ளோவிர். சிலருக்கு இரண்டும். சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, சாப்பிட்டவருக்கும் தெரியாது. மூன்று மாதம் கழித்து, பிரெட்னிசோலோன் சாப்பிட்டவர்களில் 100க்கு 83 பேருக்கு முகம் முழுக்கச் சரி. அது சாப்பிடாதவர்களில் 64 பேருக்கு. ஒன்பது மாதத்தில் 94 பேரும் 82 பேரும். அசைக்ளோவிர் மட்டும் சாப்பிட்டவர்களுக்குத் தனிப்பயன் எதுவும் தெரியவில்லை. இத்தனைக்கும் 1996இல் ஜப்பானில் அறுவை சிகிச்சை செய்த 14 முகவாதக்காரர்களில் 11 பேரின் நரம்பு நீரில் உதட்டுக் கொப்புளக் கிருமியின் தடம் கிடைத்திருந்தது. கிருமி இருக்கிறது, ஆனால் கிருமி மருந்து மட்டும் போதவில்லை. மிகக் கடுமையாகக் கோணியிருந்தால் இரண்டையும் சேர்த்துத் தருவது உண்டு, அதை டாக்டர் முடிவு செய்வார்.

இதில் 82 என்ற எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். அந்த மாத்திரை சாப்பிடாமலே 100க்கு 82 பேர் தேறியிருக்கிறார்கள். அப்படியானால் ஜாதிக்காய் அரைத்துப் பூசியவர், சூடான செங்கல்லில் நல்லெண்ணெய் ஒத்தடம் கொடுத்தவர், உருட், அதாவது மலாய் மசாஜ் போட்ட மாக்சிக் அம்மா, மந்திரித்துக் கயிறு கட்டிய பூசாரி, எல்லோருக்கும் பத்தில் எட்டு பேர் வந்து வெற்றிலை பாக்கு வைத்திருப்பார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. பூசாதவரையும் பக்கத்தில் நிறுத்தி எண்ணிப் பார்த்தால்தான் எது மருந்து, எது காலம் செய்த வேலை என்று பிரிக்க முடியும். 31 வருஷத்தில் எனக்கும் இது உறைக்கவில்லை, ஒழுங்காக எண்ணியதே இல்லை.

இப்போது இளம் டாக்டரின் பாதி உண்மை. அந்த ஸ்காட்லாந்து ஆய்வில் கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் சேர்க்கவே இல்லை. பெரும்பாலான மருந்து ஆய்வுகள் அப்படித்தான். அதனால் "கர்ப்பிணிக்கும் இதே பலன்" என்று அந்தத் தாளைக் காட்டி யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த மாத்திரை கர்ப்பிணிகளுக்குப் புதிதல்ல. ஆஸ்துமாவோ, லூபஸ் என்ற எதிர்ப்புச் சக்திக் கோளாறோ உள்ள கர்ப்பிணிகளுக்கு வருஷக்கணக்காகக் கொடுத்து வருகிறார்கள். நஞ்சுக்கொடியில் ஒரு நொதி அதை உடைத்துவிடுவதால் பிள்ளைக்குப் போவது பத்தில் ஒரு பங்கு அளவுதான். குறைமாதப் பிள்ளையின் நுரையீரல் பலப்பட நாம் போடும் டெக்ஸா ஊசியும் ஸ்டீராய்ட்தான், ஆனால் அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போக வேண்டும் என்றே தேர்ந்தெடுத்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு பயப்படக் கூடாது.

மறுநாள் காலை திரும்பப் போனேன். சண்டைக்கு இல்லை. கேட்க வேண்டிய கேள்வியை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். "டாக்டர், கோண ஆரம்பித்தது சனிக்கிழமை காலை. செவ்வாய் காலையோடு 72 மணி நேரம் முடிகிறது. பிரசவ நிபுணரிடமும் காது மூக்குத் தொண்டை நிபுணரிடமும் ஒரு போன் பேசிவிட்டு முடிவு செய்ய முடியுமா? இவளுக்கு இனிப்பு நீர் இல்லை, சீனித் தண்ணி டெஸ்ட் ரிசல்ட் புத்தகத்தில் இருக்கிறது." நேரத்தைச் சொன்னதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். ஈப்போவில் இருந்த நிபுணர்களுக்குப் போன் பேசினார்கள். திங்கட்கிழமை மத்தியானம் மாத்திரை கையில். புத்தகத்தில் எவ்வளவு கவனம் தேவை என்று காட்டும் கலர் ஸ்டிக்கரும் மஞ்சளானது.

ஐந்து மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுத்தார்கள். காலையில் ஐந்து, மாலையில் ஐந்து, பத்து நாளைக்கு. ஒரு நாளைக்குப் பத்து மாத்திரை என்றதும் சம்பந்தியம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்து பாதியாகக் குறைப்பது, இரண்டாம் நாள் நிறுத்துவது இரண்டும் கூடாது. சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், இரண்டாவது வேளையை ராத்திரிக்குத் தள்ளாதீர்கள், தூக்கம் போய்விடும். சீனி ஏறும். அந்தப் பத்து நாளும் மைலோ, தே தாரேக், கொண்டென்ஸ்ட் மில்க் எல்லாம் தள்ளி வைத்து, கிளினிக் சொல்லும் நாளில் விரலில் குத்திப் பாருங்கள். ஏற்கனவே இனிப்பு நீர் உள்ளவள் என்றால் டாக்டர் கணக்கே வேறாக இருக்கும்.

மாத்திரையை விட எனக்கு முக்கியமாகப் பட்டது கண். முகம் திரும்பி வந்துவிடும், மூடாமல் காய்ந்து புண்ணான கருவிழி வராது. நம் ஊரில் செம்பனைக் குலை லாரி போனால் தெருவே செம்மண் புழுதி. பகலில் செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்து, மணிக்கு ஒரு தடவை என்றாலும் தப்பில்லை. வெளியே போனால் கண்ணாடி. மோட்டார் பின்னால் உட்காரவே வேண்டாம். மேசைக் காற்றாடியை முகத்துக்கு நேராக வைக்காதீர்கள்.

ராத்திரிக்கு டேப். இதை யாரும் சரியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. கையைக் கழுவுங்கள். இமைத் தோலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஈரப் பஞ்சால் துடைத்து உலர விடுங்கள், இல்லாவிட்டால் டேப் நடு ராத்திரியில் கழன்றுவிடும். கீழ் இமையை லேசாக இழுத்து, டாக்டர் தந்த கண் களிம்பை அரிசி நீளத்துக்கு உள்ளே வையுங்கள். அவளைக் கீழே, தன் வயிற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்வை தாழும்போது மேல் இமையும் கொஞ்சம் தானாக இறங்கும். ஒரு விரலால் இமையை மீதித் தூரம் இறக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரல் நீளத்துக்கு வெட்டிய மெல்லிய காகித டேப்பை இமையின் நடுவில் ஒட்டி, சாய்வாகக் கன்னத்து எலும்புப் பக்கம் இழுத்து முடியுங்கள். பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். இமைகளுக்கு நடுவே ஒரு நூல் அளவு வெள்ளை தெரிந்தாலும் கழற்றித் திரும்ப ஒட்ட வேண்டும். திறந்த கண்மேல் பஞ்சையோ துணியையோ வைத்துக் கட்டாதீர்கள், உள்ளே கண் திறந்துகொண்டால் துணி கருவிழியைத் தேய்க்கும். காலையில் டேப்பை ஈரமாக்கி, இமையைப் பிடித்துக்கொண்டே மெல்ல உரியுங்கள். முதல் நாள் நான் வேகமாக இழுத்து ஏழெட்டு இமை மயிரைப் பிடுங்கிவிட்டேன். மகள் திட்டியதை இங்கே எழுத முடியாது. கண் சிவந்து வலித்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சாப்பாடு பெரிய சங்கதி இல்லை. நல்ல பக்கத்தில் மெல்லட்டும், கோணிய கன்னத்துக்குள் சோறு தங்கும், விரலால் எடுத்து வாய் கொப்பளிக்கட்டும். ருசி மாறினாலும், சட்டி விழும் சத்தம் இடி மாதிரி கேட்டாலும் அதே நரம்பின் வேலைதான்.

உருட் போடலாமா என்று கேட்பீர்கள். விரல் நுனியால் மெல்லத் தடவிக்கொடுப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் சூடான செங்கல் ஒத்தடம் வேண்டாம், மரத்துப்போன மாதிரி இருக்கிறதே என்று அழுத்தி வைத்துத் தோலைச் சுட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கரண்ட் வைத்துத் தசையைத் துடிக்க வைக்கும் மெஷினுக்குப் பணம் கட்டாதீர்கள், அது பலன் தரும் என்பதற்குத் தகுந்த சான்று இல்லை. நிறைமாதத்தில் எதற்கு அந்த வம்பு? பலூன் ஊதச் சொல்வதும் வேண்டாம். முகத்தை முறுக்கிச் செய்யும் பயிற்சி நல்ல பக்கத்தைத்தான் இன்னும் பலப்படுத்தும்.

வாரம் ஒரு தடவை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள். சும்மா இருக்கும் முகம், புருவம் தூக்கியது, கண்ணை மெல்ல மூடியது, பல் தெரியச் சிரித்தது, உதட்டைக் குவித்தது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது. டாக்டருக்கும் இந்தப் படங்கள் உதவும், அவர்கள் 1985 முதல் ஒன்று முதல் ஆறு வரை தரம் போட்டுத்தான் முகத்தை அளக்கிறார்கள். கோபன்ஹேகனில் 25 வருஷமாக மருந்தில்லாமல் கவனித்துவந்த நோயாளிகளில் 85 சதவீதத்தினருக்கு மூன்று வாரத்துக்குள் ஏதாவது ஒரு அசைவு திரும்பிவிட்டது. மூன்று மாதமாகியும் முழுக்கத் திரும்பவில்லை என்றால், அல்லது நாளாக ஆகக் கோணல் கூடிக்கொண்டே போனால், நிபுணரிடம் கட்டாயம் போக வேண்டும். கட்டி எதுவும் அழுத்துகிறதா என்று பார்ப்பார்கள்.

மகளுக்குப் பத்தொன்பதாம் நாள், மூத்தவன் தரையில் கொட்டிய மைலோவைப் பார்த்துக் கத்தும்போது மூக்கின் இடது ஓரம் லேசாகச் சுருங்கியது. நான்தான் முதலில் பார்த்தேன். 39ஆம் வாரம் சுகப்பிரசவம், பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் எடுத்த முதல் படத்தில் அம்மா பாதி முகத்தில்தான் சிரிக்கிறாள். குழந்தையைப் பார்க்க வந்தவர்களில் உதட்டில் காய்ச்சல் கொப்புளம் இருந்த ஒரு சித்தப்பாவை வாசலிலேயே நிறுத்திவிட்டேன். அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அந்தக் கிருமி பச்சைக் குழந்தைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து, அதனால் கொப்புளம் காய்ந்து உதிரும்வரை முத்தம் கிடையாது, யாராக இருந்தாலும்.

ஆறு மாதம் ஆகிவிட்டது இப்போது. நெற்றியில் சுருக்கம் விழுகிறது, கண் மூடுகிறது. டீயை உறிஞ்சும்போது மட்டும் இடது கண் கொஞ்சம் சுருங்கும். நரம்பு திரும்ப வளரும்போது கண்ணுக்குப் போக வேண்டிய இழையும் வாய்க்குப் போக வேண்டிய இழையும் வழி மாறிக்கொள்வதால் வருவது அது. செவ்வாய்க்கிழமை தோறும் பிசியோதெரபிக்குப் போகிறாள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டே உதட்டை மெல்ல, மிக மெல்லக் குவிக்கச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் ஐந்து நிமிஷம், ராத்திரி ஐந்து நிமிஷம். குழந்தை மடியில் கிடந்து அதைப் பார்த்துத் தானும் வாயைக் குவிக்கிறது.